சாட்சிக் கூண்டில் இயந்திரங்கள்

1872-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சட்டமாகிய இந்தியச் சாட்சியச் சட்டம், ஆவணம் இன்னதென்று லட்சணம் கூறிவிட்டு, படிப்பவனுக்குச் சந்தேகம் எழாதிருக்கும் பொருட்டுச் சில உதாரணங்களையும் அடுக்கிச் சொல்லுகிறது: கையால் எழுதியது ஆவணம், அச்சிட்டதும், கல்லச்சில் பதித்ததும், புகைப்படமாக எடுத்ததும் ஆவணம், தேசப்படமும் நிலப்படமும் ஆவணம், உலோகத் தகட்டிலோ கல்லிலோ பொறித்தது ஆவணம், ஒருவரைப் பரிகசித்து வரைந்த கேலிச்சித்திரங்கூட ஆவணமே. பல்லவர் காலத்துச் செப்பேட்டையும், கோயில் அதிஷ்டானத்துக் கல்வெட்டையும், அந்நாளில் புதுமை மாறாதிருந்த புகைப்படத்தையும் ஒரே மூச்சில் ஒரே வரிசையில் உட்காரவைத்த அந்த ஜாபிதாவைப் படிக்கும்போது, அதை வகுத்த ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஆங்கில வக்கீலின் தீர்க்க திருஷ்டியை வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்டீபன் இந்தியாவில் இருந்தது ஏறக்குறைய இரண்டரை வருஷம்; கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில் சட்ட அங்கத்தினராக 1869-இல் வந்தவர், சாட்சியச் சட்டத்தை முடித்துக் கொடுத்த கையோடு 1872-இல் கப்பலேறிவிட்டார். அவர் ஊர் திரும்பிய நாலாவது வருஷம் டெலிபோன் வந்தது. ஐந்தாவது வருஷம் எடிசனின் பேசும் யந்திரம் வந்தது. அப்புறம் கைரேகை வந்தது, ஒலிநாடா வந்தது, கணினி வந்தது, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு காமிராவும் ஒரு தபாலாபீசும் வந்தன. இத்தனைக்கும் ஈடுகொடுத்து அந்தச் சட்டம் 2024-ஆம் ஆண்டு ஜூன் 30 வரையில், அதாவது நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக, தேசத்தின் முன்சீப் கோர்ட்டு முதல் சுப்ரீம் கோர்ட்டு வரை ஆட்சி செலுத்தியது. நீதிமன்றங்கள் புதுமையைக் கண்டு மிரளுபவை, நூறு வருஷம் பின்தங்கி நடப்பவை என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. சரித்திரத்தைப் பார்த்தால் அவை மிரண்டதைவிடக் கேள்வி கேட்டதே அதிகம் என்று தோன்றுகிறது. வந்து நின்ற ஒவ்வொரு யந்திரத்தையும் பார்த்து அவை கேட்ட கேள்வி ஒன்றேதான்: உனக்காகக் கூண்டில் ஏறிப் பதில் சொல்லப் போகிற மனிதன் யார்? அந்தக் கேள்வியை விடாமல் கேட்டபோதெல்லாம் நியாயம் பிழைத்தது; அதைக் கேட்க மறந்த இடங்களில்தான் சங்கடங்கள் நேர்ந்தன.

யந்திரங்களுக்கு முன்னால் இருந்த சாதனம் சத்தியம். கும்பினியார் காலத்துக் கோர்ட்டுகளில் ஹிந்து சாட்சி கங்கா ஜலத்தின் மேலும் முஸ்லிம் சாட்சி குர்ஆனின் மேலும் ஆணையிட வேண்டும் என்ற சம்பிரதாயம் இருந்தது. கங்கையிலிருந்து ஆயிரம் கல் தொலைவில் இருந்த ஜில்லாக்களில் அந்தச் செம்புத் தண்ணீர் உண்மையிலேயே எந்த ஆற்றினுடையது என்று யாரும் குறுக்கு விசாரணை செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் கௌரவமுள்ள குடும்பஸ்தர்கள் பலர், மெய்யே சொல்ல வந்தாலும் கங்கையைத் தொட்டு ஆணையிடுவது குலத்துக்கு ஆகாது என்று அஞ்சிச் சாட்சி சொல்லவே வராமல் ஒதுங்கினார்கள். அதனால் நியாயபரிபாலனத்துக்குத் தடை உண்டாகிறது என்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, 1840-ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம் அந்த முறையை எடுத்துவிட்டு, கடவுளைச் சாட்சியாக வைத்து உண்மை சொல்கிறேன் என்று வாயால் உறுதி கூறினால் போதும் என்று ஆக்கியது.

அத்துடன் பழைய நம்பிக்கை போய்விட்டதா என்றால், இல்லை. 1873-இல் வந்த பிரமாணச் சட்டம் அதைப் புறவாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டது. வழக்கில் ஒரு கட்சிக்காரன், “எதிரி இன்ன கோயிலில் இன்ன விதமாகச் சத்தியம் செய்து சொல்லட்டும், அதற்கு நான் கட்டுப்படுகிறேன்” என்று கூறினால், எதிரியைக் கோர்ட்டு கேட்கலாம். அவன் இசைந்தால், கோர்ட்டு ஒரு கமிஷனரை நியமித்து அந்தச் சந்நிதிக்கே அனுப்பலாம். அங்கே அவன் சொன்ன சொல், கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டவனைப் பொறுத்தவரையில் முடிந்த முடிபு, அதற்குமேல் பத்திரமும் இல்லை, வேறு சாட்சியும் இல்லை. கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யும் வழக்கமுள்ள நம் கிராமங்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தியிருந்தது என்பதில் ஆச்சரியமில்லை. சட்டம் ஒரு நிபந்தனையும் விதித்திருந்தது: சத்தியம் நீதிக்கும் கண்ணியத்துக்கும் முரண்படலாகாது, மூன்றாவது மனிதனைப் பாதிப்பதாகவும் இருக்கலாகாது. ஆகவே, பிள்ளையின் தலையில் அடித்துச் செய்யும் சத்தியத்துக்கு அதில் இடமில்லை. குழந்தையின் க்ஷேமத்தை ஒரு வரப்புத் தகராறுக்குப் பணயமாக வைக்க வெள்ளைக்காரன் சட்டம் சம்மதிக்கவில்லை என்பது எனக்கு அதன் மேல் இருக்கும் மதிப்புக்கு ஒரு காரணம். 1969-இல் புதிய பிரமாணச் சட்டம் வந்தபோது இந்த விசேஷ சத்திய முறை முற்றிலும் கைவிடப்பட்டது.

சத்தியத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் நம் முன்னோர் என்று எண்ணிவிடலாகாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் சுந்தரர் தடுத்தாட்கொள்ளப்பட்ட கதையை, பக்தியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு வக்கீலின் கண்ணோடு பார்த்தால் அது எத்தனை நுட்பமான விவகாரம் என்பது விளங்கும். கல்யாணப் பந்தலில் வந்து நிற்கும் கிழவர், மணமகன் தமக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். மணமகன் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. நீண்டகால அநுபோகத்தாலோ, பத்திரத்தாலோ, கண்டவர் சாட்சியத்தாலோ ஒரு கட்சியை நிலைநாட்டலாம் என்று அந்தச் சபை முதலில் விதியைச் சொல்லுகிறது. கிழிந்தது படிதான், மூலம் என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். சபையார் மூலத்தை வாங்கிப் படிக்கச் செய்து, அதில் கையெழுத்திட்ட சாட்சிகளைக் கொண்டு அவர்கள் கையெழுத்தைச் சரிபார்க்கிறார்கள்; பிறகு, எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பாட்டனாரின் வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து இரண்டையும் ஒப்புநோக்குகிறார்கள். அசல் எது, நகல் எது, கையொப்பத்தை யார் அடையாளம் சொல்வது, ஒத்துப்பார்க்க ஐயத்துக்கிடமில்லாத மாதிரி எங்கே என்ற நான்கு கேள்விகளும் அங்கே கேட்கப்பட்டுவிட்டன. ஸ்டீபன் துரை அந்தச் சபையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தால் ஆட்சேபிக்க அவருக்கு ஒன்றும் இருந்திராது.

விஞ்ஞானம் நியாயஸ்தலத்துக்குள் முதலில் நுழைந்தது விஷத்தின் வழியாக. பாஷாணம் எளிதில் கிடைத்த காலம். கொலையா, காலராவா என்று வைத்தியருக்கே தெரியாது. இங்கிலாந்தில் 1832-இல் நடந்த ஒரு வழக்கில் ஜேம்ஸ் மார்ஷ் என்னும் ரசாயன நிபுணர் பாஷாணத்தைக் கண்டுபிடித்தும், ஜூரிகள் முன்னால் காட்டுவதற்குள் அந்த மஞ்சள் படிவு கெட்டுப்போய்விட்டபடியால் குற்றவாளி விடுதலையானான். கண்ணால் காணாததை ஜூரி நம்பவில்லை. மார்ஷ் அந்த அவமானத்தில் உழைத்து, கண்ணாடிக் குழாயில் கறுப்பாகப் பளபளத்துப் படிந்து, அழியாமல் நிற்கும்படியான புதிய சோதனையை 1836-இல் வெளியிட்டார். பதின்மூன்று வருஷங் கழித்து, 1849-இல், இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் ரசாயனப் பரிசோதகர் கூடம் ஏற்பட்டது. ஜில்லா ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்தவர் இரைப்பையையும் குடலின் பகுதியையும் கண்ணாடி ஜாடிகளில் இட்டு, மூடி, அரக்கு முத்திரை வைத்துச் சென்னைக்கு அனுப்புவார். அங்கே முதலில் முத்திரை உடையாமல் இருக்கிறதா, அனுப்பியவர் வைத்த மாதிரி முத்திரையோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். விஷத்தைத் தேடுவது அதற்கு அப்புறந்தான்.

இந்த இடத்தில் ஒரு சலுகை புகுந்தது. மாகாணம் முழுவதற்கும் ஒரு பரிசோதகர் இருக்க, அவரை மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் கஞ்சத்துக்குமாக ஓட வைத்தால் பரிசோதனை நடப்பது எப்போது? எனவே அவர் கையொப்பமிட்ட அறிக்கையே, அவரை அழைத்து விசாரிக்காமலேயே, சாட்சியமாகலாம் என்று குற்ற விசாரணைச் சட்டம் இடங்கொடுத்தது. 1898-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 510-வது பிரிவு அதுதான். சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடு நாளடைவில் பழக்கமாகி, பழக்கம் உரிமையாகிவிட்டது. கேள்வி கேட்க முடியாத சாட்சி என்று ஒரு புது ஜாதி அப்போதுதான் பிறந்தது. அதன் வம்சம் பிற்காலத்தில் பெருகியதைப் பின்னால் பார்ப்போம்.

கைரேகையின் கதை வங்காளத்தில் தொடங்குகிறது. 1858-இல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளைக்கல் கொடுக்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவன் பிற்பாடு கையெழுத்தை மறுத்துவிடப் போகிறானே என்று பயந்து, அவன் உள்ளங்கையில் மையைத் தடவி ஒப்பந்தத்தின் பின்புறம் அழுத்தச் செய்தார். அவருக்கு அப்போது இருந்தது விஞ்ஞான நோக்கம் அன்று. மிரட்டி வைக்க வேண்டும் என்ற எண்ணமே. மிரட்டலில் பிறந்த வித்தை சாஸ்திரமாக வளர முப்பது நாற்பது வருஷம் பிடித்தது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் ஏற்பட்டது; ரேகைகளை வகை பிரித்துத் தேடி எடுக்கும் முறைக்கு எட்வர்டு ஹென்றி என்ற போலீஸ் தலைவரின் பெயர் வாய்த்துவிட்டது; கணக்குப் போட்டு முறையை வகுத்த அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இருவரின் பெயர் வெகுகாலம் பின்னாலேயே நின்றுவிட்டது.

அடுத்த வருஷமே பரீட்சை வந்தது. ஜல்பாய்குரி ஜில்லாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து மானேஜர் கழுத்தறுபட்டுக் கிடந்தார், பணப்பெட்டி உடைக்கப்பட்டிருந்தது, அதற்குள் இருந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின் மேலட்டையில் மங்கலாக இரண்டு பழுப்புக் கறைகள். அவற்றுள் ஒன்று, அந்த மானேஜரிடத்திலேயே திருடிச் சிறைக்குப் போய் வந்த பழைய வேலைக்காரனுடைய வலது பெருவிரல் ரேகையோடு ஒத்திருப்பதாகக் கல்கத்தாக் காரியாலயம் கண்டுபிடித்தது. வழக்கு 1898-இல் விசாரணைக்கு வந்தபோது கோர்ட்டு என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டியைத் தொட்டவன் அவன்தான் என்பதை ரேகை காட்டுகிறது. கத்தியைத் தொட்டவன் அவன்தான் என்று காட்டக் கண்டவர் யாரும் இல்லை. ஆகவே திருட்டுக்குத் தண்டனை, கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை என்று முடிந்தது. இந்தத் தீர்ப்பைக் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கோ அது ஒரு புதிய சாதனத்தின் எல்லையைப் பிறந்த அன்றைக்கே அளந்துவிட்ட விவேகமாகப் படுகிறது. 1899-இல் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, கையெழுத்து நிபுணருக்குப் பக்கத்தில் கைரேகை நிபுணருக்கும் இடம் போட்டார்கள். அவரும் கூண்டில் ஏற வேண்டும். எந்தெந்த மேடு எந்தெந்தச் சுழியோடு பொருந்துகிறது என்று பெரிதாக்கிய படத்தில் காட்ட வேண்டும். எதிர்க்கட்சி வக்கீல் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

கோர்ட்டுக்கு வருகிற மனிதர்கள் விஷயத்தில் நீதிபதிகள் இத்தனை விவேகம் காட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெருவிரல் ரேகையை ஏற்கப் பத்துப் பன்னிரண்டு மாதம் போதுமாயிருந்த நியாயஸ்தலங்களுக்கு, பி.எல். பட்டம் பெற்ற ஒரு ஸ்திரீயை வக்கீலாக ஏற்க வெகு நாளாயிற்று. 1916-இல் கல்கத்தாவிலும் அதன்பின் பாட்னாவிலும், வக்கீலாகப் பதிவு செய்யக் கோரிய பெண்களின் மனுக்கள் தள்ளுபடியாயின. தகுதியுள்ள எந்த நபரும் என்று சட்டம் சொன்னால் அதில் ஸ்திரீ அடங்கமாட்டாள் என்பது அவற்றின் தீர்மானம். அலகாபாத் ஹைகோர்ட்டு 1921-இல் கார்னீலியா சொராப்ஜியை ஏற்றுக்கொண்டது. மற்றவற்றுக்காக 1923-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பதினாலு வருஷங் கழித்து 1937-இல் திருவிதாங்கூரில் அன்னா சாண்டி முன்சீபாக நியமனமாகி, 1959-இல் கேரள ஹைகோர்ட்டு நீதிபதியானார்.

கோர்ட்டுச் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவகரான அமீனாவின் சமாசாரம் சற்று வேடிக்கையானது. சம்மன் என்பது எதிரியின் கையில் கொடுக்கப்பட வேண்டும். அவன் வாங்க மறுத்தாலும் ஆள் அகப்படாவிட்டாலும் வீட்டு வாசற்கதவில் நகலை ஒட்டி, ஒட்டும்போது உடனிருந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வர வேண்டும். சொத்தை ஜப்தி செய்தாலோ, அந்த இடத்திலோ பக்கத்திலோ தமுக்கடித்தோ வழக்கமான வேறு விதமாகவோ விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்து சிவில் விசாரணைச் சட்டம் விதிக்கிறது. அந்த விதி இன்றும் ஏட்டில் இருக்கிறது. தமுக்கு அடிக்கப்பட்டதா, அமீனா காப்பிக்கடையில் உட்கார்ந்தபடியே அறிக்கை எழுதிவிட்டாரா என்பதை வைத்து அப்பீல் வரையில் நடந்த வழக்குகள் கணக்கற்றவை. 2018-இல் பம்பாய் ஹைகோர்ட்டு ஒரு வழக்கில், எதிரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீசுக்கு எதிரே இரண்டு நீலக் குறிகள் விழுந்திருப்பதைப் பார்த்து, அவன் அதைப் பெற்றதோடு திறந்தும் பார்த்தான் என்று முடிவு செய்தது. கொரோனாக் காலத்தில், 2020 ஜூலையில், சுப்ரீம் கோர்ட்டே அந்த வழிக்கு இடங்கொடுத்தது. ஆனால் 2025 ஜனவரியில், விசாரணைக்கு ஆஜராகும்படி போலீசார் அனுப்பும் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று அதே கோர்ட்டு கூறிவிட்டது. கடன் பாக்கிக்குப் போதுமானது ஒருவனுடைய சுதந்திரத்துக்குப் போதாது என்று அந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்லலாம்.

ஒலிநாடாவுக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பின் நம் கோர்ட்டுகளை மிகவும் கலக்கிய யந்திரம் அதுதான். புகைப்படம் ஊமை, கைரேகைக்குத் தன் இஷ்டப்படி பேசத் தெரியாது, நாடாவோ குற்றவாளியின் குரலிலேயே பேசியது. பஞ்சாப் முதன்மந்திரி பிரதாப் சிங் கைரோனின் துவேஷத்தால் தமக்கு அநீதி நேர்ந்ததாக ஒரு சிவில் சர்ஜன் தொடர்ந்த வழக்கில், டெலிபோன் பேச்சுகளைப் பதிந்த நாடாக்கள் சாட்சியமாக வந்தன. நாடாவை வெட்டி ஒட்டலாமே என்ற ஆட்சேபத்துக்கு 1963-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன சமாதானம், திருத்த முடியாத ஆவணம் என்பது உலகத்தில் அரிது, அதற்காக எல்லா ஆவணங்களையும் தள்ளிவிடுவதில்லையே என்பது. மோசம் நேர்ந்திருக்கலாம் என்ற அச்சம் ஒரு பொருளை வாசலிலேயே நிறுத்தக் காரணமாகாது, உள்ளே வந்தபின் சோதிக்கவே காரணமாகும் என்ற கொள்கை அதில் அடங்கியிருந்தது.

1967-இல் தீர்ப்பான யூசுபலி வழக்கு அந்தச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தொட்டுக் காட்டியது. பம்பாய் நகரசபைக் குமாஸ்தா ஒருவருக்கு லஞ்சம் கொடுக்க ஒருவன் வருகிறான். குமாஸ்தா போலீசுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். உள்ளறையில் போலீசார் ஒளிந்திருக்கிறார்கள். முன்னறையில் நடந்த பேச்சை மறைத்து வைத்த மைக்கு வாங்க, நாடா சுழல்கிறது. பேச்சில் சந்தேகமில்லை, குரலிலும் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாடாவை முத்திரையிட்டு வைக்காமல் போலீஸ் அதிகாரி தம்மிடமே வைத்திருந்தார். முத்திரை இல்லாதபோது இடையில் கை புகுந்திருக்கலாம் என்ற வாதம் எழுவது இயல்பே என்று நீதிபதிகள் கண்டித்து, அந்த வழக்கின் மற்றச் சாட்சியத்தை வைத்து நாடாவை ஏற்றார்கள். 1849-இல் கண்ணாடி ஜாடியின் வாயில் வைத்த அரக்கு, 1967-இல் நாடாச் சுருளின் மேலும் வேண்டியிருந்தது. 1972-இல் மல்கானி வழக்கில், ஒரு டாக்டரின் சம்மதத்தோடு அவருடைய டெலிபோனில் கருவியை இணைத்துப் பதிந்த பேச்சு வந்தது. அது திருட்டுத்தனமாகக் கிடைத்த சாட்சியம் என்ற வாதம் எடுபடவில்லை. சட்ட விரோதமாகக் கிடைத்ததானாலும் விஷயத்துக்குச் சம்பந்தமிருந்தால் ஏற்கலாம் என்றே சொன்னார்கள். இந்த இடத்தில் நீதிமன்றம் சற்றுத் தாராளமாகவே நடந்துகொண்டது என்பது என் அபிப்பிராயம். அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகச் சொல்லும்வரை அந்தத் தாராளத்தை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1985-இல் ஹரியானாத் தேர்தல் வழக்கொன்றில்தான், குரலை அறிந்தவர் அடையாளம் சொல்ல வேண்டும், பதிவு செய்தவர் அதன் உண்மைக்குப் பொறுப்பேற்க வேண்டும், நாடா முத்திரையிட்டுக் காவலில் இருந்திருக்க வேண்டும், பேச்சுத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனைகள் ஒருசேரக் கோக்கப்பட்டன. இவற்றுள் முதல் இரண்டுக்கு மனிதன் கூண்டில் ஏறியே தீர வேண்டும்.

மனிதனே யந்திரத்தின் வழியாக வந்தால்? 2003 ஏப்ரலில் பிரபுல் தேசாய் வழக்கில் அந்தக் கேள்வி வந்தது. பம்பாய் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்த வழக்குக்கு அமெரிக்க டாக்டர் ஒருவரின் சாட்சியம் தேவை. அவர் சாட்சி சொல்லச் சித்தம், இந்தியாவுக்கு வரச் சித்தமில்லை. சாட்சியத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதிய வேண்டும் என்பது சட்டம். திரையில் தெரிபவரை முன்னிலையில் இருப்பவராகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்றது சுப்ரீம் கோர்ட்டு. பார்க்க முடிகிறது, கேட்க முடிகிறது, குறுக்கு விசாரணை செய்ய முடிகிறது, முகம் மாறுவதுகூடத் தெரிகிறது, இதற்குமேல் முன்னிலை என்பதற்கு என்ன வேண்டும் என்பது அதன் கருத்து. பதினேழு வருஷம் கழித்து, 2020 மார்ச் மாதத்தில் கோர்ட்டுகளின் கதவை மூட நேர்ந்தபோது, வக்கீல்கள் வீட்டுக் கூடத்திலிருந்து வாதாடவும் நீதிபதிகள் வீட்டிலிருந்தே உத்தரவிடவும் முடிந்ததற்கு அந்தப் பழைய தீர்ப்பு அஸ்திவாரமாக இருந்தது.

கணினிச் சாட்சியத்தின் ஆரம்பம் நம் எழும்பூரில் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபரில் அமலுக்கு வந்து, கணினிப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கேட்கும் 65-பி என்ற புதிய பிரிவையும் சாட்சியச் சட்டத்தில் செருகியிருந்தது. 2004 பிப்ரவரியில் ஒரு பெண்மணி, யாஹூ குழுவொன்றில் தம் பெயரில் ஆபாசச் செய்திகள் வருவதாகப் போலீசில் புகார் செய்தார். அதே வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி எழும்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் தேசத்தில் கிடைத்த முதல் தண்டனை அது. அங்கே அச்சிட்ட பக்கங்களும் அவற்றுக்குரிய சான்றிதழும் மட்டும் வரவில்லை. சான்றிதழ் கொடுத்த நிபுணரும் வந்தார், எதிரி உட்கார்ந்து செய்தி அனுப்பிய பிரௌசிங் சென்டரின் ஆட்களும் வந்து கூண்டில் ஏறினார்கள். பழைய கேள்விக்குப் பழைய முறையிலேயே பதில் கிடைத்தது.

அதன் பிறகு கேள்வி திசை மாறிவிட்டது. பார்லிமெண்டுத் தாக்குதல் வழக்கில் 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு, டெலிபோன் கம்பெனியின் அழைப்புப் பட்டியலுக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பொறுப்புள்ள அதிகாரி வந்து சொன்னால் போதும் என்றது. 2014 செப்டம்பர் 18-ஆம் தேதி, கேரளத் தேர்தல் வழக்கொன்றில், அந்த நிலை தலைகீழாயிற்று. பிரசாரத்தில் ஒலிபரப்பிய பேச்சையும் பாட்டையும் வேறு கருவியில் பதிந்து, கணினியில் ஏற்றி, அங்கிருந்து குறுந்தகட்டில் நகலெடுத்து மனுதாரர் கொடுத்திருந்தார், சான்றிதழ் இல்லை, ஆகவே தகடுகள் சாட்சியமாகா, அசல் கருவியையே கொண்டுவந்திருந்தால் விஷயம் வேறு என்று தீர்ப்பாயிற்று. 2018-இல் ஒரு தீர்ப்பு இதைத் தளர்த்தியது. 2020 ஜூலை 14-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் கூடி அதை மறுபடியும் இறுக்கினார்கள். அந்தக் கடைசி வழக்கு மகாராஷ்டிரத்து ஜால்னாத் தொகுதியைப் பற்றியது. வேட்புமனு குறித்த நேரம் கடந்தபின் கொடுக்கப்பட்டதா என்பது தகராறு. தேர்தல் அதிகாரியின் அறையில் இருந்த காமிராவே அதற்குச் சாட்சி. அதிகாரியோ பலமுறை கேட்டும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனால் கூண்டில் ஏறியபோது அந்தப் பதிவைப் பற்றி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஹைகோர்ட்டு அந்த வாய்மொழியே போதும் என்றது. சுப்ரீம் கோர்ட்டு, சான்றிதழுக்கு வாய்மொழி ஈடாகாது என்றது. கேட்டும் கிடைக்காதவனுக்கு மட்டும் நிவாரணம் உண்டென்று வழி சொல்லி, முடிவை மாற்றாமல் விட்டது.

சட்டத்தின் சொற்களை அப்படியே பார்த்தால் இந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் மனம் சற்றுத் தயங்குகிறது. நாடாவைக் கேட்டவர்கள் பதிந்தவனை அழைத்தார்கள், ரேகையைப் பார்த்தவர்கள் நிபுணரை அழைத்தார்கள். இங்கேயோ பதிலளிக்க மனிதன் கூண்டில் நின்றுகொண்டிருக்கிறான், காகிதம் வரவில்லையே என்று கோர்ட்டு காத்திருக்கிறது. ரசாயனப் பரிசோதகருக்காக அந்நாளில் சலுகையாகத் திறந்த கதவின் வழியாக, கேள்வி கேட்க முடியாத சாட்சி இப்போது ராஜநடை போட்டு வருகிறது என்றால் மிகையாகாது.

2024 ஜூலை முதல் தேதி ஸ்டீபனின் சட்டம் போய், பாரதிய சாக்ஷிய அதிநியமம் வந்தது. அதில் நல்லவை உண்டு. ஒரு பதிவு பல கோப்புகளில் ஒருசேரச் சேமிக்கப்பட்டால் ஒவ்வொன்றும் மூலமே என்று அது சொல்வது, அசலுக்கும் நகலுக்கும் இடையே கணினி அழித்துவிட்ட கோட்டை நேர்மையாக ஒப்புக்கொள்வதாகும். சான்றிதழுக்கு இப்போது இரண்டு பகுதிகள்: முதலாவதைச் சாட்சியம் கொடுக்கிற கட்சிக்காரர் எழுத வேண்டும், இரண்டாவதை நிபுணர் எழுத வேண்டும், இரண்டிலும் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும் என்பதால், அரக்கு முத்திரை இத்தனை உறுதியாக முன் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் இரண்டாம் பகுதியில் கையொப்பமிட வேண்டிய நிபுணர் என்ன படித்திருக்க வேண்டும், யார் நியமித்தவராக இருக்க வேண்டும் என்று அந்தப் படிவம் சொல்லவில்லை. பரமக்குடியிலோ திண்டிவனத்திலோ வாடகைப் பாக்கிக்குப் பிராது கொடுக்கும் ஒருவர், குடித்தனக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தாக்கல் செய்ய வேண்டுமானால், அந்த நிபுணரை எங்கே போய்த் தேடுவது, எதிர்க்கட்சி வக்கீல் அவரை விசாரிக்க வேண்டும் என்று மனுப் போட்டால் எந்த வாய்தாவுக்கு அவர் வருவார் என்பதெல்லாம் இனிமேல்தான் கீழ்க்கோர்ட்டுகளில் ஒவ்வொரு வழக்காக முட்டி மோதி முடிவாக வேண்டியிருக்கிறது.